துண்டு போட்ட சீட்டும் ஓர் அட்ஜஸ்டும்

இன்று காலை, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்து. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறி, ஆளில்லாத ஒரே இருக்கையில் கிடந்த துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

பின்னாலேயே ஏறியவர் கத்தினார்.

"ஜன்னல் வழியா துண்டு போட்டது நானு. எந்திரிம்மா."

"செக்கப்புக்குப் போறேண்ணே. செத்த அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"எம்புட்டுப் பேருக்குத்தான் அட்ஜஸ்ட் பண்ண?"

நடத்துனர் அவளிடமே திரும்பினார். "நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. வண்டிய எடுக்கணும்ல."

அவள் கெஞ்சிய சொல், திரும்பி வரும்போது உத்தரவாகியிருந்தது. கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

அதுவரை புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நான், அப்போதுதான் எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன்.

துண்டுக்காரர் சாவகாசமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லம்மா?"

கோபம் வந்தது. பதில் வரவில்லை, அவர் சொன்னது சரி என்பதால்.

யாருக்காவது நல்ல பதில் தோன்றினால் சொல்லுங்கள். சாயங்காலம் அதே பேருந்தில்தான் திரும்ப வேண்டும்.