கோழி ஷெட்டில் ஓர் ஊதுவத்தி

எந்தக் கட்டடத்திலிருந்து எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று கணக்கெடுக்கப் போனாலும், என் பையிலிருந்து முதலில் வருவது ஊதுவத்திதான். பூஜை போடப்போகிறேன் என்று நினைத்துக் கூட இருப்பவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். எனக்கு அண்ணி ஞாபகம் வந்து சிரிப்பு முட்டும்.

பெருநகர் என்ற எங்கள் கிராமத்தில், எங்கள் நிலத்தில் அண்ணி கறிக்கோழி ஷெட் போட்ட வருஷம். மார்கழிக் குளிரில் முதல் குஞ்சுகள் வந்து இறங்கின. "இந்தக் குஞ்சுங்க செத்துச்சின்னா, ஷெட்டுல மாட்டக் கட்டிடுவேன்" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணிக்கோ அந்த ஷெட்தான் உயிர். நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம், சும்மா இருப்பேனா? சுவர், தகரக் கூரை, பக்கத்துப் படுதா எல்லாவற்றையும் அளந்து, வெளியே போகும் சூட்டை ஈடுகட்ட எத்தனை குண்டு பல்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பகல் முழுக்கக் குஞ்சுகள் உமிமேல் பரவி ஓடின. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அப்பிக்கொண்டன. குளிரெடுத்தால்தான் அப்படிச் செய்யும். அடியில் மாட்டியது நசுங்கிச் செத்துப்போகும். அண்ணியும் நானும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டோம். கணக்கை எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வந்தது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷெட்டுக்குள்ளேயே நின்றுகொண்டேன். அண்ணி ஊதுவத்தியோடு வந்தார். கதவை விரியத் திறந்து வைத்தார். வத்திப் புகை மேலே ஏறாமல், படுத்தவாக்கில் குஞ்சுகளை நோக்கி ஓடியது! "அண்ணி, கதவு!" என்று கத்தினேன்.

"வௌக்கு வெக்கிற நேரத்துல யாராச்சும் கதவ சாத்துவாங்களா பாப்பா? லட்சுமி எப்டி உள்ள வரும்?"

அவர் சொன்னதும் நியாயம்தானே! "சாத்த வேணாம் அண்ணி, உள்பக்கம் கோணி தொங்கவிடலாம்" என்றேன். அண்ணி ஓரமாகக் கிடந்த கோணியை எடுத்தார். "சரி, லட்சுமி குனிஞ்சிக்கினு வரட்டும்."

கோணியைக் கட்டியதும் புகை நேராக எழும்பியது. அப்பிக் கிடந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, உமியைக் கிளற ஆரம்பித்தன. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். அத்தனை சந்தோஷம் எனக்கு எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை.

போன மாதம் அண்ணியின் இரண்டாவது ஷெட் திறப்பு. இதற்கும் கணக்கு என்னுடையதுதான். கதவு திறந்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே போட்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே புதுக் கோணி தொங்கியது. மாட்டைக் கட்டுவேன் என்ற அண்ணன் ஓடிப்போய் அதை உயரத் தூக்கிப் பிடித்தார். ஊதுவத்தியோடு அண்ணி குனியாமல் உள்ளே போனார்.