பெரியம்மாவின் கையும் தலைவரின் முதுகும்

என் பேத்தி போனைப் பார்த்துத்தான் முகம் கழுவுகிறாள். அதில் ஒரு பெண் வந்து முதலில் தயிர், அப்புறம் கடலைமாவு, அப்புறம் ஐஸ் என்று சொல்லச் சொல்ல, இவளும் பூசிக்கொண்டே போவாள். ஐஸ் என்றால் எனக்கு மீன்பெட்டிதான் ஞாபகம் வரும். போன வாரம், பிடித்த நடிகரின் பிறந்தநாளுக்கு ரத்தம் கொடுக்கிறோம் என்று சிநேகிதிகளோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டு வந்தாள். ரத்தம் கொடுத்த நேரத்தைவிட போட்டோ எடுத்த நேரம் அதிகம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். என் மாமா இதையெல்லாம் போன் இல்லாமலே செய்தவர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் குப்பம் அங்கிருந்து தெற்கே, புதுப்பட்டினம் போகிற வழியில் கடலோரமாக இருந்தது. மற்ற ஆண்கள் எல்லாம் கட்டுமரம் ஏற, இவர் மட்டும் சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறிப் போவார். சட்டை மடிப்புக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. பித்தளைச் சொம்பில் அடுப்புக் கங்கை அள்ளிப்போட்டு, அதன் அடியால் துணியைத் தேய்ப்பார். பேண்டை ராத்திரியே பாய்க்கு அடியில் விரித்து அதன்மேல் படுத்துக்கொள்வார், புரளாமல். பல்லுக்குச் சாம்பலும் உப்பும். நெற்றியில் விழும் சுருள்முடிக்குச் சர்க்கரைத் தண்ணீர். அவருடைய தலைவருக்கு அப்படித்தான் முடி நிற்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கருவாடு காய்கிற ஊரில் தலையில் சர்க்கரையைத் தடவிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும்? ஈ மொய்க்கும். மாமா ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டே எங்களுக்கு அழகுக்குறிப்பு சொல்வார். நாங்களும் அடுப்பங்கரையில் சர்க்கரை திருடி அடி வாங்குவோம்.

தலைவர் யார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் இந்தத் தெருவில் இன்னும் ரெண்டு பேருக்குச் சண்டை வரும். அந்தக் காலத்து நடிகர், அவ்வளவுதான். அவர் பேரில் மாமா ஒரு மன்றம் வைத்திருந்தார். மன்றம் என்பது ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு படம், ஒரு கொடி. பக்கத்துக் குப்பத்தில் இன்னொரு நடிகருக்கு மன்றம் இருந்தது. அவர்கள் ஒரு கோடையில் மோர் ஊற்றினால் இவர்கள் பானகம் ஊற்றுவார்கள். இரண்டு பக்கமும் போய் குடித்து வயிறு உப்பித் திரிந்தது எங்களைப் போன்ற சில்லறைப் பயல்கள்தான்.

அப்படி இருக்கும்போது, தலைவரே மாமல்லபுரத்துக்கு ஷூட்டிங் வந்துவிட்டார். ஒரு பாட்டுக்கு சைக்கிள் தேவைப்பட, மாமாவின் கடைக்கே ஆள் வந்திருக்கிறது. மாமா எல்லாச் சைக்கிளையும் கழுவி, மணிக்கு எண்ணெய் போட்டு, தானே உருட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறார். தலைவர் தோளில் கைபோட்டுப் பேசினாராம். எந்த ஊர், என்ன என்று கேட்டாராம். மாமா உணர்ச்சி வேகத்தில், "எங்க குப்பத்துல ஏழைப் பொம்பளைங்க நெறைய கீறாங்க தலைவரே, உங்க கையால பொடவ குடுத்தீங்கன்னா சாமி வந்தா மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டார். தலைவரும் சரி என்று சொல்லிவிட்டார். புடவைகள் செங்கல்பட்டு ஜவுளிக்கடையிலிருந்து அன்றைக்கே வந்து இறங்கின. போட்டோக்காரரும் வருவார், மறுநாள் காலை நிகழ்ச்சி என்று முடிவாயிற்று.

மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். குப்பமே கூடிவிட்டது. தலைவர் வருகிறார் என்றதும் ஒரே கூச்சல். புடவை வாங்க யார் வருகிறீர்கள் என்றதும் ஒரே அமைதி.

"இன்னாது? ஏழையா? எவளப் பார்த்து ஏழைன்ற?"

"எங்க வூட்டு ஆம்பள கடலுக்குப் போய்கினுதானே கீறான்? நான் ஏன் கை நீட்டணும்?"

"உங்க தலைவர வேணும்னா வரச் சொல்லு, நாங்க மீன் குடுக்கிறோம்."

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. வீடு வீடாகப் போனார். எங்கள் ஊர் வழக்கம் மற்றவர்களுக்குப் புரியாது. சும்மா வந்ததை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் கரையில் பெரிய வலை இழுக்கும்போது கயிற்றைத் தொட்ட யாருக்கும் பங்கு உண்டு. ஆள் யார், எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. பள்ளிக்கூடம் போகாத நான் வாங்கித் தின்ற முதல் சம்பளம் அந்தப் பங்குதான்.

கடைசியில் மாமா வந்து நின்ற இடம் பெரியம்மாவின் வீடு. பெரியம்மா என் அம்மாவின் அக்கா, அதாவது மாமாவுக்கும் அக்கா. பெரியப்பா ஒரு ஐப்பசியில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. கூடை சுமந்து மீன் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு விரல்கள் எல்லாம் வீங்கிக் கோணிப்போய் மடங்காமல் நின்றுவிட்டன. கூடையும் போயிற்று.

"அக்கா, நீ ஒருத்தி வந்து நின்னா மத்தவளுங்களும் வருவாளுங்க. என் மானத்தக் காப்பாத்து."

"உன் மானத்தக் காப்பாத்த என் மானத்த விக்கணுமா?"

"தலைவரு வந்து பொடவய குடுக்காமலே திரும்பினா, மாமல்லபுரத்துல நான் கடைய தொறக்க முடியாதுக்கா. பக்கத்துக் குப்பத்தான் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா நிறுத்திக்குவான். நான் கயிறு இழுக்கிறேன், பங்கு வாங்குறேன், சோறு துன்றேன். எவன்கிட்டயும் நான் கை நீட்டல. போடா, தலையில ஈ மொய்க்குது பாரு."

அவள் சொன்னது உண்மைதான். வலை இழுக்கும்போது கயிற்றின் கடைசியில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. அவளுக்கு முன்னால் நான். வலைக்காரர் கரடுமுரடான ஆள். தாமதமாக வந்த வாலிபனைக் கயிற்றைத் தொடவிடாமல் விரட்டுவார். ஆனால் பெரியம்மா வந்து கையை வைக்கும்வரை இழுக்கச் சொல்லமாட்டார். "அக்கா கை வெச்சாச்சா? ம், இப்ப இழுங்கடா!" என்பார். பெரியம்மாவின் கை கயிற்றின்மேல் இருக்கும், குருவி உட்கார்ந்த மாதிரி. அந்தக் கை பட்டால்தான் மீன் வரும் போலிருக்கிறது, அது ஏதோ பெரிய சக்தி என்று நான் நம்பினேன். எங்கள் பெரியம்மாவைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை.

காலை வந்தது. மாமா மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, புடவைகளை அடுக்கி, கொடியும் கட்டிவிட்டார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டையே பார்க்கிறார். ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. அன்று விடியலிலேயே கடலில் மீன் கூட்டம் கறுத்துத் தெரிந்திருக்கிறது. படகு போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டது. கார் வந்து நின்றபோது குப்பத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மாமாவின் தலை ஈக்களைச் சொல்லவில்லை. ஆண், பெண், கிழம், குஞ்சு எல்லாம் கயிற்றில் நிற்கிறோம்.

"தலைவர் வந்துட்டாரு! கொஞ்சம் விட்டுட்டு வாங்கப்பா! அண்ணாத்த, சொல்லுங்க!" மாமா மணலில் விழுந்து எழுந்து ஓடி வந்தார்.

வலைக்காரர் திரும்பவே இல்லை. "கயித்த விட்டா வலை உங்க அப்பன் வூட்டுக்கா போவும்? உள்ள மீன் குதிக்குது. ஏலேலோ!"

"ஐலசா!" என்றோம் நாங்கள்.

நான் மட்டும் தலையைத் திருப்பினேன். எப்படித் திருப்பாமல் இருப்பது? வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். மாமா ஒரு பக்கம் அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்கிறார். இன்னொரு பக்கம் போட்டோக்காரர், "வெயில் ஏறிகினே கீது சார்" என்று முனகுகிறார். தலைவர் கயிற்றின் கடைசிக்கு, எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டார்.

"இவங்கதான் தலைவரே, என் அக்கா. இருக்கிறதுலயே கஷ்டப்படறது இவங்கதான்" என்றார் மாமா.

பெரியம்மா முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கஷ்டப்படுகிறவளாம்! ஊருக்கே மீன் கொண்டுவருகிறவளை!

"அதெல்லாம் இல்ல சார்!" என்று கத்தினேன். "எங்க பெரியம்மா கை வெச்சாத்தான் வலையே வரும். வேணும்னா வலைக்காரர கேளுங்க! அவங்க வராம இழுக்கவே மாட்டாங்க!"

ஏலேலோகூட ஒரு மூச்சு நின்றது. தலைவர் பெரியம்மாவின் கையைப் பார்த்தார். அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு வலைக்காரரைப் பார்த்தார். வலைக்காரர் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே, சினிமாவில் எந்த வில்லனும் அப்படி முறைத்ததில்லை.

தலைவர் செருப்பைக் கீழே போட்டார். சட்டைக் கையை மடித்தார்.

"ஏம்மா, உங்களுக்குப் பின்னாடி எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

பெரியம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "இழுத்தா ஒழுங்கா இழுக்கணும். பாதியில வுட்டுட்டு ஓடக்கூடாது."

"ஓடமாட்டேன்."

"அப்ப புடி."

ஐயோ, அந்த இழுப்பு! தலைவர் எங்கள் கயிற்றில்! ஏலேலோ என்று வலைக்காரர் கத்த, ஐலசா என்று குப்பமே கத்த, தொண்டை கிழியக் கத்தியது நான். பின்னால் காலை வைத்து வைத்து, கடலைப் பார்த்தபடியே நகர்ந்தோம். தலைவர் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்தார். "தள்ளிக்க சார், ஒரு பாட்டு பாடிட்டு வா!" என்று ஒருத்தி கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். போட்டோக்காரர் பூட்ஸ் நனையாமல் கரையில் நின்றுகொண்டு, "சார், ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்புங்க! அந்தம்மாவையும் திரும்பச் சொல்லுங்க!" என்று கெஞ்சினார். தலைவருக்குக் காது கேட்கவில்லை.

வலை வந்தது. வலையின் மடி நிறையக் காரப்பொடி மீனும் நெத்திலியும் வெள்ளியாகத் துள்ளின. வலைக்காரர் மணலில் பங்கு பங்காகக் குவித்தார். தலைவர் அவர் காதோரம் போய் ஏதோ சொன்னார். வலைக்காரர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்: "கேட்டுக்குங்க! இன்னிக்கு வந்த ஆளும் தன் பங்க சேர்க்கிறாரு. கயிறு இழுத்த பொம்பளைங்களுக்கு மீனோட ஆளுக்கொரு பொடவ. கயித்தத் தொடாதவளுக்குக் கெடையாது!"

அவ்வளவுதான். முந்தின நாள் கதவைச் சாத்திய அத்தனை பேரும் மேசையை மொய்த்துவிட்டார்கள்.

"எனக்கு அந்தப் பச்ச!"

"நான் மொதல்லேர்ந்து இழுத்தேன், இவ நடுவுல வந்து தொத்திகினா, இவளுக்கு இன்னாத்துக்கு ஜரிக?"

பெரியம்மா தனக்கு வந்த புடவையை விரித்துப் பார்த்து, "டேய், ஓரம் பிரிஞ்சிகினு கீது. மாத்திக் குடு" என்று மாமாவை அதட்டினாள். மாமா அடித்துப் பிடித்து மாற்றிக் கொடுத்தார். அவள் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்து, கோணல் விரல்களால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

தலைவருக்கும் ஒரு குவியல் வைத்திருந்தார் வலைக்காரர். எல்லோருக்கும் வைத்த அதே அளவு. அதைப் பனையோலையில் கட்டி வாங்கிக்கொண்டு, உள்ளங்கைத் தோல் உரிந்திருந்ததை எல்லோருக்கும் காட்டிவிட்டு, அவர் காரில் ஏறினார். டிரைவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கிவிட்டார். நாங்கள் புழுதியில் கார் மறைகிறவரை ஓடினோம்.

மாமாவின் ஆசை அந்தப் போட்டோதான். கொட்டகையில் மாட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். அது வந்து சேர்ந்த அன்று ஊரே சுற்றி நின்றது. பிரித்துப் பார்த்தால், ஒரு நீளக் கயிறு, அதில் வரிசையாக முதுகுகள். கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை முதுகு. அதற்கு அப்பால் பெரியம்மா நின்றது தெரியவே இல்லை, அந்த முதுகு அவளை முழுசாக மறைத்திருந்தது. பக்கத்துக் குப்பத்தான், "இவுரா உங்க தலைவரு? எவனோ சட்ட போட்ட மீன்காரன்!" என்று சிரிக்க, மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் அழுகை முட்டியது. பெரியம்மா கையாவது தெரிகிறதா என்று போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆயிரம் கேமராவுக்கு முன்னால் நின்ற மனுஷன், அந்த ஒரு கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நின்றுவிட்டாரே என்று, ரொம்ப வருஷம் எனக்கு அவர்மேல் பரிதாபமாகவே இருந்தது.