நடுத்தண்ணீரில் சொன்ன சேதி

என் தம்பிக்கு அணையில் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று பல வருஷ ஆசை. அண்ணன் ஒரு நாளும் அவனைக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

தேனி பஜாரில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற கடை எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தார். தம்பி சரக்கு எடுத்துக் கொடுப்பது, தோட்டங்களுக்குப் போய் மோட்டார் மாட்டிக் கொடுப்பது என்று மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். நடுப்பிள்ளையான நான் அலுவலக வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மீன்தான். செல்போனில் வீடியோ பார்த்துப் பழகி, மதுரையில் தூண்டில் ராடும் ரீலும் வாங்கி வைத்திருந்தார். வைகாசி கடைசியில் வைகை அணையில் தண்ணீர் வற்றிவிடும். பரந்து கிடந்த மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து கூடும். அந்த நாட்களில் ஞாயிறு தவறாமல் பரிசல் ஒன்றை வாடகைக்குப் பேசி உள்ளே போவார். துணைக்கு என்னைக் கூட்டிக்கொள்வார். தம்பி முந்தின நாள் சாயங்காலமே இரை மாவு பிசைந்து கொடுப்பான். கடலைப் புண்ணாக்கு, தவிடு, வெல்லப்பாகு, கொஞ்சம் ஏலக்காய்த் தூள். வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வாசலில் நிற்பான்.

அவனுக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் தொடங்கியது. மாத்திரையில் கட்டுப்பட்டு, சில வருஷங்களாக வராமலே இருந்தது. ஆனாலும் தண்ணீர்ப் பக்கம் விடுவதில்லை என்பது வீட்டில் சட்டம்.

அந்த வருஷம் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. வடுகபட்டியிலிருந்து சொட்டுநீர்க் குழாய் வாங்க ஒருவர் தன் மகளோடு கடைக்கு வந்தார். அந்தப் பெண் மதுரையில் வேலை பார்த்தாள். குழாய் பதிக்கத் தம்பி அவர்கள் தோட்டத்துக்குப் போனான். பிறகு வேலை இல்லாமலும் போனான். இரண்டு வீட்டிலும் பேசி, பூ வைக்க நாள் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, கடையைப் பூட்டுகிற நேரத்தில் அண்ணன் சொன்னார்: “ஏலே, நாளைக்கு நீயும் வாடா.”

தம்பி நம்பவில்லை. “எங்கண்ணே?”

“அணைக்குத்தான். வேற எங்க?”

அவன் அன்றைக்கே கடைவீதிக்குப் போய் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டான். மாவை இரண்டு முறை பிசைந்தான்.

விடியற்காலையில் அணைக்கரையில் இறங்கினோம். பரிசல்காரர் எங்களுக்குப் பழகியவர், அதிகம் பேசமாட்டார். அண்ணன் வண்டியில் உட்கார்ந்தே வயிற்றில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும். அண்ணி இட்லியும் சட்னியும் டிபன் கேரியரில் கொடுத்திருந்தார். பரிசலில் ஏறிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார் அண்ணன்.

தம்பி பரிசலில் கால் வைத்ததும், அண்ணன் பையிலிருந்து நைலான் கயிறு ஒன்றை எடுத்தார். எங்கள் கடைக் கயிறுதான், மோட்டாரைக் கிணற்றில் இறக்குவதற்கு விற்பது. அதைத் தம்பியின் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பரிசலின் விளிம்பில் முடிந்தார்.

“திடீர்னு வந்துருச்சுன்னா உள்ள விழுந்துறக் கூடாதுல்ல” என்று பரிசல்காரரிடம் சொன்னார். “இவனுக்கு வலிப்பு.”

தம்பியின் முகம் கொஞ்சம் சிறுத்தது. ஆனால் தொப்பியைச் சரி செய்துகொண்டு சிரித்தான். அன்றைக்கு அவனைக் கட்டிப் போட்டால் என்ன, தூக்கிக்கொண்டு போனால் என்ன, அவனுக்கு எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

நடுப்பள்ளத்தில் பரிசல் நின்றது. கரையில் நிறுத்திய எங்கள் வண்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அண்ணன் மூன்று ராடுக்கும் மாவு வைத்து வீசினார். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது இழுக்கக் கூடாது என்று தம்பிக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவன் கையைப் பிடித்து ரீலைச் சுற்றிக் காட்டினார். இவ்வளவு அன்பாக அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

பிறகு, நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வியாழக்கிழம வடுகபட்டிக்குப் போயிருந்தேன்.”

தம்பி திரும்பினான். “நாள் குறிக்கவாண்ணே?”

“இல்ல. அவுககிட்டச் சொல்லிட்டு வந்தேன். ஒனக்கு வலிப்பு இருக்குன்னு.”

பரிசல்காரர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“மறச்சுக் கட்டி வச்சுப் பின்னாடி தெரிஞ்சா நம்மளச் செருப்பால அடிப்பாக” என்றார் அண்ணன். “அதான் நானே போயி சொல்லிட்டேன். வேண்டாம்னுட்டாக.”

“அண்ணே, அந்தப் புள்ளைக்குத் தெரியும்ணே” என்றான் தம்பி. குரல் உடையவில்லை, ரொம்பத் தாழ்ந்து வந்தது. “மொதல்லயே நான் சொல்லிட்டேன். டாக்டரு சீட்டுகூடக் காட்டினேன். சில வருசமா வரலன்னும் அதுக்குத் தெரியும். அவுக அப்பா அம்மாகிட்டத் தானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு சொல்லுச்சு.”

“பக்குவமாச் சொன்னா ஒத்துக்கிட்டிருப்பாக” என்றார் அண்ணன். “நான் மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ விழுவான்னு சொன்னேன்.”

“ஏண்ணே இப்படிப் பொய் சொன்னீக?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “அந்தப் புள்ள மதுரைல வேல பாக்குது. கட்டுனா இவனும் அங்கன போயிருவான். கடைய யாரு பாப்பா? நீ பாப்பியா?” என்றார். பிறகு தம்பியிடம், “வீட்ல வச்சுச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவ. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி எங்கயாவது விழுந்து கெடப்ப. இங்கன எங்க போவ? அதான் கூட்டியாந்தேன்.”

தம்பி தன் இடுப்பிலிருந்த கயிற்றைக் குனிந்து பார்த்தான். அந்த நேரம் பார்த்து அவன் ராடு வளைந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று பேரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம். “விடு, விடு, ஓடவிடு!” என்று அண்ணன் கத்தினார். ரீல் கிறீச்சிட்டு நூல் ஓடியது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. பரிசல் மெல்லச் சுழன்றது. வெகுநேரம் போக்குக் காட்டிவிட்டு ஒரு கட்லா மேலே வந்தது. இடுப்புக் குழந்தை அளவுக்கு இருந்தது. பரிசல்காரர் கைப்பிடி வலையில் அள்ளி உள்ளே போட்டார். அண்ணன் தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டி, “எந்தம்பிடா! மொத நாள்லயே பாரு!” என்று கூவினார். அது நடிப்பில்லை. செல்போனை எடுத்து அவனை மீனோடு படம் பிடித்தார். சிரிக்கச் சொன்னார். அவன் சிரிக்கவும் செய்தான்.

படம் எடுத்து முடித்ததும் தம்பி மீனை ஈரச்சாக்கில் போட்டான். டிபன் கேரியரைத் திறந்தான். ஒரு இட்லியை எடுத்து, பிய்த்து, தண்ணீரில் போட்டான். பிறகு இன்னொன்று.

“என்னடா பண்ற?” என்றேன்.

“மீன் கூடட்டும்ணே.”

கடைசி இட்லி வரைக்கும் பிய்த்துப் போட்டான். அடுக்குகளைத் தண்ணீரில் கழுவி அடுக்கி மூடினான். நான் தடுக்கப் போனபோது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

“விடு. கோவத்தத் தீத்துக்கிறட்டும். கரைக்குப் போயிச் சாப்ட்டுக்கலாம்” என்றார். தானும் ஒரு தடவை பெருந்தன்மையாக இருந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. மறுபடியும் மாவு வைத்து வீசினார்.

வெயில் ஏறியதும் கம்பம் பக்கத்திலிருந்து காற்று இறங்கியது. அந்தக் காற்று வருவதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது அணையில் எல்லோருக்கும் தெரியும். பரிசல்காரர் துடுப்புப் போட ஆரம்பித்தார். முன்னே போவதைவிடப் பின்னே தள்ளியதுதான் அதிகம். அப்போதுதான் அண்ணனைக் கவனித்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, “கடையில யாரு இருக்கா?” என்று கேட்டார். அன்றைக்கு ஞாயிறு, கடை விடுமுறை.

“சுகர் எறங்கிருச்சு” என்றேன். “எதாவது இனிப்பு இருக்கா?”

பரிசல்காரர் இல்லையென்று தலையாட்டினார். அவரிடம் பீடியும் தண்ணீரும்தான் இருந்தன.

தம்பி தன் இடுப்புக் கயிற்றை நிதானமாக அவிழ்த்தான். நகர்ந்து அண்ணனிடம் வந்தான். அவர் இடுப்பில் செருகியிருந்த கடைச்சாவிக் கொத்தை உருவினான். தம்பிக்கு வலிப்பு வந்த காலத்தில் அண்ணன் எப்போதும் செய்வது அதுதான். கடை வாசலில், வாடிக்கையாளர்கள் சுற்றி நிற்க, அந்தக் கொத்தை அவன் கையில் திணித்து விரல்களை மூடுவார். டாக்டர் அது உதவாது என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. இப்போது தம்பி அதே கொத்தை அண்ணனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். ஒவ்வொரு விரலாக மடக்கினான்.

“இறுக்கிப் பிடிங்கண்ணே. ஒண்ணுமில்ல. இப்பச் சரியாப் போயிரும்” என்றான். அண்ணனின் குரல் அப்படியே அவன் வாயில் வந்தது.

அண்ணனுக்குப் புரிந்ததா என்று தெரியாது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார். கண் செருகத் தொடங்கியது. எனக்கு அப்போதுதான் இரை மாவின் ஞாபகம் வந்தது. வெல்லம் போட்டுப் பிசைந்ததுதானே. டப்பாவைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்து அண்ணன் வாயில் வைத்தேன். முதலில் துப்பினார். மறுபடி ஊட்டினேன். தவிடும் புண்ணாக்கும் உதட்டோரம் வழிய, பசித்த குழந்தை மாதிரி மென்றார். நான் தண்ணீர் கொடுத்துக் கொடுத்து விழுங்க வைத்தேன்.

தம்பி பரிசல்காரரிடம் சொன்னான்: “மீனுக்கு வச்சதத் திங்கிறாக பாருங்க எங்க அண்ணன்.”

பரிசல்காரர் சிரிக்கவில்லை. முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு துடுப்பு வலித்தார்.

கரைக்கு வந்தபோது அண்ணன் தெளிந்துவிட்டார். கரையோரக் கடையில் சர்க்கரை கூடப் போட்டு டீ குடித்தார். தம்பிதான் மீன் சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்தான். அன்று மத்தியானம் அண்ணி குழம்பு வைத்தார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி இரண்டாம் முறை சோறு வாங்கினான். அண்ணன் அவன் தட்டில் வயிற்றுத் துண்டை எடுத்து வைத்தார்.

அடுத்த வாரம் தம்பி வடுகபட்டிக்குத் தனியாகப் போனான். அந்த வாரம் முழுக்க அவன் தூங்கவில்லை என்பதும், மாத்திரையைத் தொடவில்லை என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெண்ணின் அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். தம்பி தன் பக்கத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறான். அண்ணன் சொன்னது பொய், தனக்குச் சில வருஷமாக வரவில்லை என்று சொன்னபோதே விழுந்துவிட்டான். அவர் காலடியில், கேட் கம்பியில் தலை இடிக்க.

அவர்தான் அண்ணனுக்குப் போன் செய்தார். நான் காரை ஓட்டினேன். நாங்கள் போனபோது தம்பி ஒரு வேப்ப மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தான். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. நாக்கைக் கடித்திருந்தான். மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பெண் மாடி ஜன்னலில் நின்றாள், கீழே வரவில்லை. வர விட்டிருக்க மாட்டார்கள்.

அண்ணன் தன் தோள்துண்டை நனைத்துத் தம்பியின் வாயைத் துடைத்தார். மெதுவாக, ஓரமெல்லாம் துடைத்தார். பெண்ணின் அப்பா அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல வேள நீங்களே முன்னாடி வந்து சொன்னீக. வேற யாரு இப்படிக் கூடப் பொறந்தவனப் பத்தி உண்மையச் சொல்லுவாக?”

அண்ணன் கைகூப்பினார். “நம்மளால ஒரு பொம்பளப் புள்ள கெட்டுப் போகக் கூடாதுல்லங்க” என்றார்.

தம்பி கட்டிலில் இருந்து அதைக் கேட்டான். கண் திறந்துதான் இருந்தது.

திரும்பி வரும்போது அவன் பின்சீட்டில் அண்ணனின் தோளில் சாய்ந்து கிடந்தான். பெரியகுளம் ரோட்டில் வெகுதூரம் வந்த பிறகு, வீங்கிய நாக்கோடு, “கடையப் பூட்டிட்டா வந்தீக?” என்று கேட்டான்.

“ஆமா. வேற யாரு இருக்கா?”

“சின்னமனூர்க்காரர் மோட்டாருக்கு வருவாரு.”

“வரட்டும். போறோம்ல.”

வீட்டுக்குப் போகலாம், டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. பஜாரில் நிறுத்தச் சொன்னார்கள். பூட்டிய கடை வாசலில் சின்னமனூர்க்காரர் படியில் உட்கார்ந்து காத்திருந்தார். தம்பியின் நெற்றியைப் பார்த்து, “என்னாச்சு தம்பி?” என்றார்.

“கேட்ல இடிச்சுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, மோட்டாருக்கு எத்தனை அடி பைப்பு வேண்டும் என்று அவரிடம் கேட்டான் அவன்.