தீப்பெட்டியில் வந்த ராணி

தேன்பெட்டியை மொட்டை மாடியிலிருந்து எடுக்கச் சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் எரிச்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

இரும்புலியூரில் ஆறு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டிய தேனீக்களை எரிக்க ஆள் கூப்பிட்டபோது நான்தான் குறுக்கே நின்று தடுத்தேன். மரப்பெட்டி ஒன்று வாங்கி, அவற்றை அடையோடு அதில் குடிவைத்து மாடி மூலையில் வைத்தேன். முதல் வருஷம் பரம சாதுவாக இருந்தன. இரண்டாம் வருஷம் பழைய ராணி போய் அதன் மகள் ராணியானது. அது பெற்றதெல்லாம் சண்டைக்காரிகள். துணி காயப்போடப் போனால் துரத்தும். வடாமுக்குக் காவல் உட்கார்ந்திருந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் சாரின் இமையில் ஒன்று கொட்ட, அவர் முகம் பணியாரம் மாதிரி உப்பியது. மறுநாளே கூட்டம் போட்டுவிட்டார்.

பெட்டியை எரித்துவிடலாம் என்று எல்லோரும் அபிப்பிராயப்படுவதாகச் சொன்னார். எல்லோரும் என்றால் அவர்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அக்கா மட்டும் தலைத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்தார். பொம்பளைக்கு ஆபீசும் வீடும் போதாதா, இது வேறயா என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அதுவரை எனக்கு அரை மனசுதான். அந்த முணுமுணுப்புதான் முழு மனசாக்கியது.

"எரிக்க விடமாட்டேன் சார். குணம் ராணிகிட்டேருந்து வருது. ராணியை மாத்தறேன். ஒரு மாசம் டைம் குடுங்க" என்றேன்.

அந்தக் கெடு நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடிக்கு வருவார்கள், அன்று ஒருத்தரைக் கொட்டினாலும் பெட்டியை எரித்துவிட வேண்டும் என்று முடிவானது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தேனீ வளர்க்கும் ஒருவர், சாதுவான கூட்டத்திலிருந்து ஒரு ராணி தருவதாகச் சொன்னார். நாலு நாள் கழித்து, தயார் என்று மிஸ்டு கால் கொடுத்தார். அன்றே என் பெட்டியைத் திறந்து, புகை போட்டு, அந்த மகள் ராணியைத் தேடிப் பிடித்து விரலால் நசுக்கினேன். பாவம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தக் கூட்டமும் தீயில் போகாமலிருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் புது ராணி தீப்பெட்டியில் வந்தது. காற்றுக்கு ஊசித் துளைகள். துணைக்கு நாலைந்து தேனீக்கள். ஒரு பக்கம் சின்ன ஓட்டை, அதைச் சர்க்கரைப் பொடியைத் தேனில் பிசைந்து அடைத்திருந்தார் அந்தத் தேனீக்காரர். கதகதப்பு வேண்டுமாம். மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், பர்ஸ் செருகும் இடத்தில் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள ஏதோ கொய்யினு கத்திகினு கீது?"

செல்போன் என்றேன்.

புது ராணியை நேராக உள்ளே விட்டால் வாசனை ஒத்துக்கொள்ளாமல் தேனீக்கள் மொய்த்துக் கொன்றுவிடும். அதனால் தீப்பெட்டியோடு அடைகளுக்கு நடுவில் வைத்தேன். அவை சர்க்கரையைத் தின்று வழி திறப்பதற்குள் வாசனை பழகிவிடும். நாலாம் நாள் தீப்பெட்டி காலி. அடுத்த சில நாளில் அடையில் முட்டைகள். துள்ளிக் குதித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. ராணி புதுசு, ஆனால் பறந்து கொட்டுவதெல்லாம் பழையவளின் பிள்ளைகள். அவை ஆயுசு முடிந்து போக இரண்டு மாதமாவது ஆகும். மேனேஜரை மாற்றினால் மறுநாளே ஆபீஸ் திருந்திவிடும் என்று நம்பியிருக்கிறேன், பதினைந்து வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவள்! கெடுவைத் தள்ளிக் கேட்டிருக்கலாம். அந்த முணுமுணுப்பு ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

ஞாயிறு காலை எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். புதுப் பிள்ளைகள் அப்போதுதான் அடையிலிருந்து வெளிவரத் தொடங்கியிருந்தன. விடிந்ததுமே சர்க்கரைத் தண்ணீர் வைத்து எல்லாவற்றுக்கும் வயிற்றை நிறைத்திருந்தேன்; வயிறு நிறைந்த தேனீ சட்டென்று கொட்டாது. முகவலை போடவில்லை, கையுறை இல்லை. முழுக்கை சுடிதாரோடு பெட்டியைத் திறந்து, தேனீக்கள் அப்பியிருந்த ஒரு அடைச் சட்டத்தை வெறுங்கையால் தூக்கிக் காட்டினேன். ஒன்று சட்டைக் கைக்குள் ஊர்ந்து போனது. முழங்கைக்கு மேலே கொட்டியது. பின்னாலேயே இன்னொன்று. உயிர் போகிற வலி. சட்டத்தை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பாருங்க சார், எவ்வளவு சாது."

பரவாயில்லையே மேடம் என்றார் செயலாளர். பெட்டி இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்துவதற்குள் எதிர் வீட்டு அக்கா வெற்றிலைப் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். என் சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டினார்.

"எத்தனை?"

"ரெண்டு."

கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பைத் தடவினார். நிஜமாகவே சாதுவாகுமா என்று கேட்டார். இன்னும் ஒன்றரை மாதம் போனால் கட்டாயம் ஆகும் என்றேன். வாசலில் மணி அடித்தது. எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்போ சட்டைக் கையை இறக்கு. சார்தான். தேன் எப்போ எடுப்பீங்கன்னு கேக்கறாரு."