அழிச்சிட்டேன் டீச்சர்

ஒரு வாரமாக என் லெப்டொப் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்து, தேயிலை போட்டு வடித்து, ஆற அமரக் குடித்து முடித்த பிறகுதான் அது முகம் காட்டும். பலாபத்வலையில் வீட்டோடு இருந்துகொண்டு கல்யாண அழைப்பிதழ், பரீட்சைத் தாள், விண்ணப்பம் என்று டைப் பண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். அது படுத்தால் நானும் படுக்க வேண்டியதுதான். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், சீருடைகூட மாற்றாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நோண்டினாள். இடமே இல்லையாம். வேண்டாததையெல்லாம் அழித்தால் ஓடுமாம்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். வட்ஸ்அப்பில் பிரிண்ட் எடுக்க ஆட்கள் அனுப்பிய அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், யாரோ ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் வரிசையாக வந்தன.

"அடுத்தவங்க சாமானெல்லாம் ஏம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்குத் தெரியாதா, நாளைக்குத் தேவைப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று கொஞ்சம் கத்தினேன். அவள் லெப்டொப்பை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் அடியிலிருந்து சூடான தூசி வாடை வந்தது. அந்த வாடையை எங்கே மோந்தாலும் எனக்கு மாத்தளை டவுனில் ரியாஸ் நானாவின் கொமினிகேஷன் கடை ஞாபகம் வந்துவிடும்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கொமினிகேஷன் என்றால் என்னவென்று தெரியாது. போன் எடுக்க, ஃபேக்ஸ் அனுப்ப, போட்டோ கொப்பி அடிக்க, கடிதம் டைப் பண்ண, இன்டர்நெட் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஊருக்கு ஒரு கடை இருந்த காலம் அது. எங்கள் கடைக்கு ஒரு பக்கம் பலசரக்கு மொத்த வியாபாரம். கராம்பும் மிளகும் மூட்டையாகக் கிடக்கும். அந்த வாசனையும், அட்டைகளுக்கு லெமினேட் போடும்போது வருகிற பிளாஸ்டிக் வாடையும், கொம்பியூட்டரின் தூசிச் சூடும் சேர்ந்து சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். எனக்கு இருபது வயது. மூன்று மாதக் கொம்பியூட்டர் வகுப்பு முடித்த சான்றிதழை நானே லெமினேட் போட்டு வைத்திருந்தேன். டவுனில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு.

ரியாஸ் நானா நல்ல மனிதர். சம்பளத்தில் பிடிக்க மாட்டார், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. "ஒண்டையும் அழிக்க வாணாம் தங்கச்சி. நாளைக்கு ஒராள் வந்து அதே மாதிரி லெட்டர் கேப்பார்," என்பார். அதனால் யார் என்ன கடிதம் எழுதினாலும் அது திரையின் முகப்பிலேயே கிடக்கும். பெயரையும் விஷயத்தையும் ஆங்கில எழுத்தில் அடித்துச் சேமித்துவிடுவேன். இன்னாருடைய காணிச் சண்டை, இன்னாருடைய பொலிஸ் முறைப்பாடு, இன்னாருடைய புருஷனுக்குக் கட்டாருக்குக் கடிதம். அடுத்தவர் வந்தால் பொருத்தமான பழையதைத் திறந்து, பெயரை மாற்றி, பிரிண்ட் கொடுத்துவிடுவேன். ஒருமுறை மின்சார இணைப்புக் கேட்டு வந்த கல்யாணமாகாத பையன் ஒருவனுடைய விண்ணப்பத்தில், முந்திய ஆளின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியபோது நானாவும் நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் புத்தி எனக்கு வரவில்லை.

கமலா டீச்சர் அப்படித்தான் ஒரு நாள் வந்தார். அலுவிகாரையில் வீடு. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் வெகுதூரம் நடக்க வேண்டும். முப்பது வயது தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, மெல்லிய குரல். கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடமாற்றம் கேட்டு ஒரு கடிதம் வேண்டும். காரணத்தைச் சொல்லும்போது குரல் இன்னும் இறங்கியது. அவருக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மருந்தில் அடங்கியிருந்தது, போன மாதம் அந்த மேட்டில் தனியே நடக்கும்போது வந்துவிட்டதாம். கொழுந்து எடுக்கிற பெண்கள்தான் பசி மயக்கம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மாதா மாதம் கண்டிக்குக் கிளினிக் போகிறார். கூடப் போவது பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா, சட்டை தைக்கிறவர். வெளியாட்களில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த இரண்டு பேரையும் எனக்கு முன்பே தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு ஒரு குடையில் ஒட்டிக்கொண்டு போவார்கள்.

கடிதத்தை அடித்து முடித்தேன். கையெழுத்து வைத்துவிட்டு, "இத அழிச்சிருங்க தங்கச்சி. வெளிய தெரிஞ்சா நல்லாருக்காது," என்றார்.

"அழிச்சிட்டேன் டீச்சர்," என்றேன்.

அழிக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. நல்ல கடிதம், இடமாற்றத்துக்கு இன்னொருவர் வந்தால் உதவும் என்று நினைத்தேன். அடுத்த ஆள் போட்டோ கொப்பிக்கு நின்றுகொண்டிருந்தார். கமலா டீச்சர், ஃபிட்ஸ், ட்ரான்ஸ்ஃபர் என்று மூன்று சொல்லையும் ஆங்கிலத்தில் அடித்து முகப்பில் போட்டுவிட்டு எழுந்தேன். ஊரில் வலிப்புக்கு எல்லோரும் ஃபிட்ஸ் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் தெரியாதவர் இல்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருவர் வந்து, தம்பிக்குப் பெண் பார்க்கிறோம், தம்பியின் படிப்பு, தொழில், நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அழகாகப் போட்டுத் தாருங்கள் என்றார். போட்டுக் கொடுத்தேன். பிறகு அரை மணி நேரம் இன்டர்நெட் பார்க்க வேண்டும் என்றார். கடையில் ஓடுகிற கொம்பியூட்டர் அந்த ஒன்றுதான். டைப் பண்ணுவதும் அதில்தான், ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதும் அதில்தான். கதிரையை விட்டுக் கொடுத்தேன். சும்மா இருக்கக் கூடாதா? பெண் எந்த ஊர் என்று கேட்டேன். அலுவிகாரையில் ஒரு டீச்சர் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கமலா டீச்சரா, தங்கமான ஆள், எங்களிடம்தான் கடிதமெல்லாம் அடிப்பார் என்று வாய் நிறையச் சொன்னேன். சொல்லிவிட்டு லெமினேட் போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. பாதியில் விட்ட வேலையை எடுக்க, கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியலைப் பார்த்தேன். முதலாவதாக நின்றது கமலா டீச்சரின் கடிதம். காலையில் நானே கை தவறித் திறந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் நான் அதை அழிக்கவில்லை. அழித்தால் நடந்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார யோசனை.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். தனியாக வந்தார், கையில் குடை இல்லை. கண் வீங்கியிருந்தது. சம்பந்தம் தவறிவிட்டதாம். கல்யாணம் நின்றதுகூடப் பெரிதில்லை, நோயை மறைத்து ஏமாற்றப் பார்த்தீர்களா என்று அம்மாவை வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டார்களாம். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க அந்த லெட்டர அழிச்சிட்டீங்கதானே தங்கச்சி?"

நண்பரே, உண்மை சொல்ல இதைவிட நல்ல நேரம் ஒருவருக்கு வாய்க்காது. வேலை போயிருக்கும், நானாவிடம் ஏச்சு வாங்கியிருப்பேன், டவுனில் தலை குனிந்து நடந்திருப்பேன். அவ்வளவுதான்.

"அன்னைக்கே அழிச்சிட்டேன் டீச்சர்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப புஷ்பந்தான்," என்றார். படியிறங்கிப் போனார்.

நானா ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நான் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து முதலில் அந்தக் கடிதத்தை அழித்தேன். அது மட்டும் போனால் சந்தேகம் வரும் என்று மற்றதையும் தொடங்கினேன். ஒவ்வொரு கடிதத்திலும் பெயரையும் விலாசத்தையும் எடுத்து, வெறும் மாதிரிகளை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டேன். மிச்சத்தையெல்லாம் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன். ஒரு மணி நேர வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செய்திருக்கலாம். நானா வந்ததும் கொம்பியூட்டர் மெதுவாக ஓடுகிறது, வேண்டாததை எடுத்துவிட்டேன், மாதிரியெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவர் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தார். பறக்குது தங்கச்சி, இந்த மூளை எனக்கு வரவில்லையே என்று பாராட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் ரோல்ஸ் வாங்கி வந்து தந்தார். சூடாக இருந்தது. அந்த ரோல்ஸை நான் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

டீச்சர் சண்டை போடுகிறவர் இல்லை. புஷ்பம் அக்காவிடம் ஏன் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பார், உண்மை வெளியே வந்திருக்கும். கேட்கவே இல்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்குப் புஷ்பம் அக்காதான் சட்டை தைத்தார். அளவு நாடாவை என் முதுகைச் சுற்றிப் பிடித்தபடி, "டீச்சர் ஒங்க கடைக்கு வர்றாங்களாமே. எம்மேல என்ன கோவம்னு ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். தெரியாதுக்கா என்றேன். அவர் என் பின்னால் நின்றதால் முகத்தைப் பார்க்க வேண்டி வரவில்லை. அந்தச் சட்டை அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது என்று கல்யாணத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

டீச்சருக்கு டவுன் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. வேறு சம்பந்தம் பேச அவர் யாரையும் விடவில்லை. நானா கடையை ஒரேயடியாக மூடிய பிறகும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து வேலை கொடுப்பார். பதவி உயர்வு, கடன் விண்ணப்பம், மருத்துவக் கடிதம், எதுவானாலும் என்னிடம்தான். பலாபத்வலைக்கு ஏன் அலைகிறீர்கள், அலுவிகாரையிலேயே ஆள் இருக்கிறார்களே என்று ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "ஒங்ககிட்ட குடுத்தா வெளிய போகாது," என்றார்.

போன மாதம் புஷ்பம் அக்கா இறந்துபோனார். திடீர் மாரடைப்பு. மரண அறிவித்தலை நான்தான் அடித்துக் கொடுத்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி என்று உறவுகளுக்கு வரிசையாக இடம் இருந்தது. ஒரு குடையில் கூட நடந்தவருக்கு அதில் இடமில்லை. சாவு வீட்டுக்குப் போனபோது, வெள்ளைக் கொடி கட்டிய ஒழுங்கையின் முனையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வீடும் அதே ஒழுங்கையில்தான், அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார்.

"ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருந்தா மறந்திருப்பேன் தங்கச்சி. கடைசி வரைக்கும் கேக்கலையே," என்றார்.

அவருடைய கை குளிர்ந்திருந்தது. உள்ளே போய்ப் பாருங்கள் டீச்சர் என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்த வீட்டைப் பார்த்தார். பிறகு டவுன் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். பெட்டியை எடுக்கும் வரைக்கும் திரும்பி வரவில்லை.

நேற்று மகள் போன பிறகு நான் ஒவ்வொன்றாக அழித்தேன். அடையாள அட்டைகள், சான்றிதழ்கள், இரத்தப் பரிசோதனை, எல்லாம் போயின. அழிக்க அழிக்க லெப்டொப்பின் சூடு தணிந்தது. கடைசியில் புஷ்பம் அக்காவின் மரண அறிவித்தல் மிஞ்சியது, அதை மட்டும் அழிக்கவில்லை. மேலே அவருடைய படம், கழுத்தில் அளவு நாடாவோடு இருந்ததை நான்தான் வெட்டிச் சரி பண்ணியிருந்தேன்.

நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் தொங்குகிறது. நானாவும் மௌத்தாகி, அடக்கமாகிவிட்டார். அந்தக் கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. நான் பொய் சொன்னேன் என்பதற்கு இந்த ஊரில் சாட்சி ஒன்றும் இல்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி இருக்கிறவரிடம் முடியவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களாம்மா?" என்று மகள் குசினியிலிருந்து கேட்டாள்.

"அழிச்சிட்டேன்," என்றேன். அதே குரல்தான் வந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் டவுனுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அலுவிகாரையில் நல்ல தூறல். கமலா டீச்சர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தனியாகத்தான் போனார், ஆனாலும் குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய இடது தோள் நனைந்துகொண்டிருந்தது.