அவர் பெயர் பதித்த தோல்

பூந்தமல்லியில் எங்கள் தோல் பை பட்டறைக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். அவர் இருப்பது அமெரிக்காவில். தைத்து முடித்த பையில் பெயர் பதிப்பது சிரமம் என்பதால், தோலை வெட்டிய கையோடு அவர் கம்பெனிப் பெயரைப் பதித்துவிடுவது என் கணவரின் வழக்கம். ஆர்டர் உறுதியாகும்வரைகூடக் காத்திருக்க மாட்டார். "அவர் நம்மள விட்டு எங்க போயிடப் போறார்?" என்பார். நான் சொன்னால் காதில் ஏறினால்தானே!

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை ஏற்றிய வாரம் அந்த அமெரிக்கர் வீடியோ காலில் வந்தார். பட்டறையில் இங்கிலீஷ் பேசுவது நான்தான். நாமெல்லாம் பார்ட்னர்கள், அதனால் வரியில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்றார் சிரித்த முகமாக. இத்தனை வருஷ லாபத்தில் பாதி உங்களுக்கு என்று மனுஷன் ஒரு நாளாவது வாய் திறந்திருப்பாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அடுக்கடுக்காக அந்த அமெரிக்கர் பெயர் பதித்த தோல். பாரிமுனைக் கடைகளில்கூட அதை யாரும் தொட மாட்டார்கள். ஆர்டர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"சரின்னு சொல்லிடு," என்றார். சொன்னேன். அன்றைய செய்தியில் இரு நாட்டு நட்பு உறுதியாக இருப்பதாக வாசித்தார்கள். டிவியை அணைத்துவிட்டேன்.

மறுநாள் திருவேற்காட்டுக்குப் போனோம். பைகளுக்குக் கைப்பிடி தைத்துத் தரும் அக்காவின் வீடு அங்கே. மெஷின் நாங்கள் கொடுத்தது; அதில் வேறு யார் வேலையும் செய்யக் கூடாது என்று பேச்சு.

கணவர் டீயைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "நாம என்ன வேத்து ஆளா அக்கா? கஷ்டத்த ஆளுக்குக் கொஞ்சம் ஏத்துக்கினாதான் தொழில் ஓடும். கூலிய கொஞ்சம் கொறைச்சுக்கங்க."

"அவன் ஊர்ல வரி போட்டா என் கூலி இன்னாத்துக்கு பாய் கொறையணும்?"

கணவர் மெஷினைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

"சரி பாய்," என்றார் அக்கா.

திரும்பும்போது ஆட்டோவில் கணவரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அந்த அமெரிக்கர் மேல் வந்த கோபத்தில் கால்வாசிகூட இவர் மேல் எனக்கு வரவில்லை. வந்தது நிம்மதிதான். பட்டறை தப்பித்தது.