டிரைவர் அங்கிளுக்கு நான் கொடுத்த விடுதலை

பதினோரு வயதில் நான் ஒரு மனிதரை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தேன். இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் கணவர் சிரிப்பார். பாதிக் கதை வரைக்கும்தான் சிரிப்பார்.

எல்லாம் ஆறாம் வகுப்பில் பாடமாக வைத்திருந்த ஓர் அமெரிக்க நாவலால் வந்த வினை. நாவல் என்றால் முழு நாவல் இல்லை, குழந்தைகளுக்காகச் சுருக்கிப் படம் போட்ட பதிப்பு. ஒரு பையனும் எஜமானியிடமிருந்து தப்பி வந்த ஓர் அடிமையும் தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போவார்கள். அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்காவிட்டால் தனக்கு நரகம்தான் என்று பையன் நிஜமாகவே பயப்படுவான். ஊரில் இருந்த நல்லவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இது நையாண்டி, எழுதியவர் அந்த நல்லவர்களைக் கேலி செய்கிறார் என்றார் மிஸ். நல்லவர்களை எதற்குக் கேலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனால் அவர் சொன்ன ஒன்று மட்டும் மண்டையில் ஏறிக்கொண்டது. அடிமையால் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடியாது, போக வேண்டுமானால் எஜமானர் கொடுக்கும் தாள் கையில் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் டிரைவர் அங்கிள் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் துபாயில், அல் குசைஸில் இருந்தோம். அப்பாவுக்குக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் நிர்வாகப் பிரிவில் வேலை. கம்பெனி கார் ஒன்றும், அதை ஓட்ட சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவரும் அப்பாவுக்கு உண்டு. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து அப்பாவை ஆபீசுக்குக் கூட்டிப்போவார். மறுநாளே அவரிடம் விசாரணையை ஆரம்பித்தேன்.

"அங்கிள், உங்க பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"சாருகிட்ட பத்திரமா இருக்கு பாப்பா."

"ஊருக்குப் போகணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா?"

"தோணுனா ஆச்சா? லீவு குடுக்கணும்ல?" என்றவர், கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சிக்னலுக்கு சிக்னல் தன் கதையைச் சொன்னார். அவருடைய தங்கை மகளுக்கு மூன்று வயதாகியும் இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தங்கைக்கோ இவர் ஒரே அண்ணன். குலதெய்வக் கோயிலில் இரண்டு முறை நாள் குறித்தார்கள், இரண்டு முறையும் லீவு கிடைக்கவில்லை. "மாப்ள வீட்டுல ஒரு மாதிரியா பேசுறாக பாப்பா. மாமன்னு ஒருத்தன் உண்டா இல்லையான்னு கேக்குறாக."

அன்று சாப்பாட்டு மேஜையில் அப்பாவைக் கேட்டேன், டிரைவர் அங்கிள் பாஸ்போர்ட் ஏன் உங்களிடம் இருக்கிறது என்று.

"அவன்து மட்டுமா? எல்லார்துமே ஆபீஸ் அலமாரியிலதான் இருக்கு. கேம்ப்ல ஒரு ரூம்ல எட்டு பேர் இருக்காங்க, தொலைஞ்சா யார் பாக்கறது? அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதான்."

"உங்க பாஸ்போர்ட் எங்கப்பா?"

அப்பா சப்பாத்தியைப் பிய்த்தார். "அதுவும் அங்கதான்."

"அம்மாவோடது?"

"வீட்ல இருக்கு. அம்மா விசா என் பேர்ல இருக்குல்ல?"

"அப்ப அம்மா உங்களுக்கு..."

"இப்பதான் கண்டுபிடிச்சியாக்கும்?" என்றார் அம்மா, கரண்டியோடு. "சாப்பிட்டு எந்திரி."

எனக்குத் தலை சுற்றியது. எஜமானர் அப்பா என்றால் அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருப்பது யார்? போன வருஷம் டிரைவர் அங்கிளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அப்பாதான் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். தீபாவளிக்கு முதல் ஸ்வீட் டப்பா அவருக்குத்தான் போகும். இவ்வளவு நல்லவர் எப்படி எஜமானராக இருக்க முடியும் என்று யோசித்தேன். அப்புறம் நாவலில் வந்த நல்லவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அடுத்த புதன்கிழமை அப்பா குளிக்கப் போன நேரத்தில், அவருடைய மேஜையில் ஒரு பாஸ்போர்ட் கிடந்தது. பிரித்தால் உள்ளே மீசை வைத்த, இன்னும் ஒல்லியான டிரைவர் அங்கிள். அது ஏன் ஆபீஸ் அலமாரியை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யோசிக்கவில்லை. சும்மா எடுத்துக் கொடுத்தால் அதிலென்ன சாகசம் என்று, அதை அலுமினியத் தாளில் சப்பாத்தி மாதிரி சுற்றினேன். உள்ளே ஒரு சீட்டு வைத்தேன், "இனி நீங்கள் சுதந்திர மனிதர்" என்று ஆங்கிலத்தில் எழுதி. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை நான்.

மறுநாள் காலையில் அவர் பாட்டை முணுமுணுத்தபடி வண்டி ஓட்டினார். "பாப்பா, ஒரு சங்கதி தெரியுமா" என்று ஆரம்பித்தார். சதி செய்கிறவர்கள் வழியில் பேசக்கூடாது என்பது என் கொள்கை. "ஒண்ணும் சொல்லாதீங்க அங்கிள்" என்று அடக்கிவிட்டேன். பள்ளி வாசலில் பொட்டலத்தைக் கையில் திணித்து, ரூமுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

மத்தியானம் பக்கத்து ஃபிளாட்காரர்களின் காரில் வீடு வந்தேன். வீடு தலைகீழாகக் கிடந்தது. சோபா மெத்தையெல்லாம் தரையில் கிடந்தது. அப்பா வேர்த்து விறுவிறுத்து, குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. டிரைவர் அங்கிளுக்கு லீவு கிடைத்துவிட்டது. மேலே இருப்பவர்களிடம் மூன்று மாதமாகக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவர் அப்பா. அன்று சாயங்காலமே விமானம், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. ஏர்போர்ட்டில்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அதற்காகத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் காலிங்பெல் அடித்தது. டிரைவர் அங்கிள் நின்றார், இஸ்திரி போட்ட சட்டையில், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

"எங்க இருந்துச்சு?" என்றார் அப்பா.

அவர் கதவோரம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார் எடுத்தேன். நேத்து பேக்கை உள்ள கொண்டாந்து வச்சப்ப."

"சாயங்காலம் நானே தரப்போறேன். எதுக்கு எடுத்த?"

அவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். "கையில வச்சுப் பாக்கணும்னு தோணுச்சு சார்."

அப்பா கத்தவில்லை. "உன்ன நம்பி வீட்டுக்குள்ள விட்டேன்ல" என்று மட்டும் கேட்டார். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏர்போர்ட்டுக்கு டிரைவர் அங்கிளே காரை ஓட்டினார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனார். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைசி வரை ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டார், எப்பேர்ப்பட்ட கூட்டாளி என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து வேறு டிரைவர் வந்தார். பழைய அங்கிள் எங்கே என்று கேட்டேன். "வரமாட்டான். விசா கேன்சல் பண்ணியாச்சு" என்றார் அப்பா. நடந்ததை அப்பா தன் கடமை என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார், அவர்கள் திருட்டு என்று எழுதி முடித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எஜமானருக்கு இனி அவர்மேல் உரிமை இல்லை, அவர் திரும்பி வரவே வேண்டாம் என்றுதான் புரிந்துகொண்டேன். என் அறைக்குள் போய்க் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன்.

பருவத் தேர்வில் அந்த நாவலை வைத்து, சுதந்திரத்துக்காக நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு கட்டுரைக் கேள்வி வந்தது. செய்வேன் என்ன, செய்தேன் என்றே எழுதினேன், அலுமினியத் தாள் முதற்கொண்டு. மிஸ்ஸுக்கு ஒரே பூரிப்பு. என்ன கற்பனை என்று மெச்சி, பெற்றோரை அழைத்த நாளில் அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினார்.

அப்பா நின்றுகொண்டே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்று காரை அவரே ஓட்டி வந்திருந்தார். உள்ளே உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"அவன் எடுக்கலையாடி?"

"நான்தான்ப்பா குடுத்தேன். அவர் யார்கிட்டயும் சொல்லல."

"ஊர்லேந்து மூணு தடவ ஃபோன் பண்ணான். நான் எடுக்கவே இல்ல" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "திருடன்னு சொல்லி அனுப்பிட்டேன். இனி கம்பெனில யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?"

அவர் இப்போது சுதந்திரமாகத்தானே இருக்கிறார் என்று கேட்டேன். அப்பா ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அடிமையைப் பறிகொடுத்த எஜமானர்கள் இப்படித்தான் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பாவமாக இருந்ததால், அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.